மருந்துச்சீட்டும் தன்னுரிமையும்: அவசரகாலக் கருத்தடை மாத்திரை விற்பனை குறித்த அறவியல் நோக்கு

முன்னுரை

மருந்து உடலைச் சார்ந்தது. அம்மருந்தை ஒருவர் எவரிடம் கேட்டு, எவருடைய இசைவோடு பெறவேண்டும் என்பது அறத்தைச் சார்ந்தது. அவசரகாலக் கருத்தடை மாத்திரையை மருத்துவரின் மருந்துச்சீட்டு இன்றி விற்கலாமா என்ற வினா, கடந்த கால் நூற்றாண்டாகப் பல நாடுகளில் எழுந்து, நீதிமன்றங்களிலும் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகளிலும் விவாதிக்கப்பட்டு வந்துள்ளது. மருத்துவர்களும் சட்ட அறிஞர்களும் இதனை மிகுதியாக ஆராய்ந்துள்ளனர். எனினும், இவ்வினாவின் அடியில் உள்ள அறச்சிக்கல் மருத்துவத்துக்கு மட்டும் உரியதன்று. ஒரு பெண்ணின் மறைவொழுக்கத்தை அறியும் உரிமை யாருக்கு உண்டு, அறிவுடையோர் அறியாதார்க்குச் சொல்லும் அறிவுரை எந்த எல்லையில் ஆணையாக மாறுகிறது, ஊர்ப்பேச்சுக்கு அஞ்சி வாழ்வோர்க்குச் சட்டம் தரும் உரிமை எவ்வாறு பயன்படும் என்பன போன்ற வினாக்கள் அதனுள் அடங்கியுள்ளன. இவை தமிழ் அக இலக்கிய மரபு நெடுங்காலமாக எண்ணிப் பார்த்த வினாக்களும் ஆகும். இந்திய நாட்டுச் சூழலை முதன்மையாகக் கொண்டு இவ்விவாதத்தின் இருதரப்பு வாதங்களையும் சீர்தூக்கிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மாத்திரையின் செயற்பாடு

அறவியல் ஆய்வு உண்மைச் செய்தியிலிருந்து தொடங்க வேண்டும். இவ்விவாதத்தில் எழும் பிணக்குகளுள் ஒரு பகுதி, மாத்திரையின் செயற்பாட்டைத் தவறாகப் புரிந்துகொண்டதால் விளைந்ததாகும்.

இந்தியாவில் பெரிதும் வழங்கும் அவசரகாலக் கருத்தடை மாத்திரையில் உள்ள மருந்து லெவோநார்ஜெஸ்ட்ரல் ஆகும். தொடக்கத்தில் 0.75 மில்லிகிராம் அளவுள்ள இரு மாத்திரைகளாகவும், பின்னர் 1.5 மில்லிகிராம் அளவுள்ள ஒரே மாத்திரையாகவும் இது வழங்கப்பட்டது. பாதுகாப்பற்ற உடலுறவுக்குப் பின் 72 மணி நேரத்திற்குள் இதனை உட்கொள்ள வேண்டும். கருமுட்டை வெளியேறுவதைத் தடுத்தோ தள்ளிப்போட்டோ இது கருவுறாமல் காக்கிறது. முட்டை வெளியேறிய பின்னர் இதனால் பெரும்பயன் இல்லை. ஏற்கெனவே தரித்த கருவை இது கலைப்பதில்லை. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிருவாகம் 2022 டிசம்பரில் இம்மருந்தின் விளக்கக் குறிப்பைத் திருத்தியபோது, கருப்பையில் கரு பதிவதை இது தடுப்பதில்லை என்பதைத் தெளிவுபடுத்தியது.

இம்மருந்தின் பயன் காலத்தோடு குறைந்துகொண்டே செல்கிறது என்பது இவ்விவாதத்தின் உயிர்நிலையான செய்தியாகும். முதல் நாளில் உட்கொள்வதற்கும் மூன்றாம் நாளில் உட்கொள்வதற்கும் பயனில் வேறுபாடு உண்டு. குமட்டல், தலைவலி, மாதவிலக்கு முன்பின்னாதல் ஆகியவை இதனால் நேரும் பொதுவான தொல்லைகள். உலக நலவாழ்வு நிறுவனம் இதனை இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்துள்ளது. அதேவேளை, இதற்கென எல்லைகளும் உண்டு. பாலியல் நோய்த்தொற்றிலிருந்து இது காப்பதில்லை. காசநோய்க்குத் தரப்படும் ரிஃபாம்பிசின், வலிப்புநோய்க்குத் தரப்படும் கார்பமாசெபைன் போன்ற மருந்துகளை உட்கொள்வோரிடம் இதன் ஆற்றல் குறையும். வழக்கமான கருத்தடை முறைக்கு இது மாற்றாகாது.

விற்பனை விதியின் வரலாறு

1999-இல் பிரான்சு நாடு இம்மாத்திரையை மருந்துச்சீட்டு இன்றி விற்க இசைந்தது. இங்கிலாந்தில் 2001-இல் பதினாறு வயது நிரம்பியோர்க்கு மருந்தாளுநரே நேரடியாக வழங்க இசைவு கிடைத்தது. செருமனி 2015-இல்தான் இந்நிலைக்கு வந்தது. சப்பான் நாடு 2023 இறுதியில் தேர்ந்தெடுத்த மருந்துக்கடைகளில் சோதனை முறையில் விற்பனையைத் தொடங்கி, 2025-இல் முறையான இசைவு வழங்கியது. போலந்து இவற்றுக்கு மாறான வழியில் சென்றது. 2015-இல் தளர்த்திய விதியை 2017-இல் மீண்டும் இறுக்கி மருந்துச்சீட்டைக் கட்டாயமாக்கியது. மருத்துவ அறிவு எங்கும் ஒன்றாக இருக்க, விதி மட்டும் நாட்டுக்கு நாடு மாறுகிறது. விதியைத் தீர்மானிப்பது மருத்துவ அறிவு மட்டுமன்று என்பதற்கு இதுவே சான்றாகும்.

அமெரிக்க வரலாறு இதனை மேலும் தெளிவாக்குகிறது. 1999-இல் அங்கு மருந்துச்சீட்டோடு விற்கப்பட்ட ‘பிளான் பி’ மாத்திரையைச் சீட்டின்றி விற்கலாம் என்று 2003 டிசம்பரில் அறிவியல் ஆலோசனைக் குழு 23-க்கு 4 என்ற வாக்குகளில் பரிந்துரைத்தது. எனினும் 2004 மே மாதத்தில் மருந்து நிருவாகம் அதனை ஏற்க மறுத்தது. முடிவு மேலும் தள்ளிப்போடப்பட்டதைக் கண்டித்து, அந்நிருவாகத்தின் மகளிர் நல அலுவலகத் தலைவர் சூசன் வுட் 2005-இல் பதவி விலகினார். 2006-இல் பதினெட்டு வயது நிரம்பியோர்க்கு மட்டும் இசைவு கிடைத்தது. 2011 டிசம்பரில் வயது வரம்பை நீக்க மருந்து நிருவாகமே முன்வந்தபோது, நலவாழ்வுத் துறைச் செயலர் கேத்லீன் செபீலியஸ் அதனைத் தடுத்தார். 2013 ஏப்ரலில் நீதிபதி எட்வர்ட் கோர்மன் வழங்கிய தீர்ப்புக்குப் பின்னர், அவ்வாண்டு சூன் மாதத்தில் வயது வரம்பு நீங்கியது. அறிஞர் குழு முடிவு கூறியதிலிருந்து அம்முடிவு நடைமுறைக்கு வர ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஆயின.

இந்தியாவில் இத்துணை நெடிய வழக்காடல் நிகழவில்லை. குடும்பநலத் திட்டத்தில் இம்மாத்திரை 2002-03 காலத்தில் இடம்பெற்றது. 2005-இல் மருந்துச்சீட்டுத் தேவை விலக்கப்பட்டது. 2007-இல் சிப்லா நிறுவனம் ‘ஐ-பில்’ என்ற பெயரில் இதனை விற்பனைக்குக் கொண்டுவந்து, தொலைக்காட்சி விளம்பரங்கள் வழி நாடெங்கும் அறியச் செய்தது. பின்னர் ஆசா பணியாளர்கள் வாயிலாகவும் சிற்றூர்களில் இது வழங்கப்பட்டது. சட்டம் எளிதில் இடம் தந்துவிட்டமையால், அறவியல் விவாதம் சட்டத்திற்கு முன்னர் நிகழாமல் அதற்குப் பின்னரே இங்கு நிகழத் தொடங்கியது எனலாம்.

மருந்துச்சீட்டு: அறிவுரையா, அனுமதியா?

மருந்துச்சீட்டு இருவேறு பணிகளைச் செய்கிறது. ஒன்று, நோயாளி அறியாததை மருத்துவர் அறிந்து சொல்லும் அறிவுரை. மற்றொன்று, மருத்துவர் இசையாவிடில் மருந்து கிடைக்காது என்னும் அனுமதி. இவ்விரண்டும் ஒரே தாளில் எழுதப்படுவதால் ஒன்றாகவே தோன்றுகின்றன. ஆனால் அறநோக்கில் இவை வேறானவை. அறிவுரை கேட்பவரின் அறிவை வளர்க்கிறது. முடிவை அவரிடமே விடுகிறது. அனுமதியோ முடிவெடுக்கும் உரிமையையே இன்னொருவர் கைக்கு மாற்றுகிறது.

அனுமதியும் நேரியதாகும் இடங்கள் உண்டு. நோயைக் கண்டறியச் சோதனை தேவைப்படும்போதும், மருந்தின் அளவை ஆளுக்கு ஆள் மாற்ற வேண்டியிருக்கும்போதும், பிழைபட்டால் உயிருக்கு இடர் நேரும்போதும், பிறர்க்குத் தீங்கு விளையும்போதும் மருத்துவரின் அனுமதி இன்றியமையாதது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைக் கண்டபடி விழுங்குவதால் மருந்தை எதிர்க்கும் கிருமிகள் பெருகி ஊருக்கே தீங்காகின்றன. எனவே அங்குக் கட்டுப்பாடு நேரியது. அவசரகாலக் கருத்தடை மாத்திரையில் இந்நான்கு அடிப்படைகளும் பெரிதும் பொருந்தவில்லை. நிகழ்ந்தது இன்னதென்று அப்பெண்ணே அறிவாள். பெரும்பாலோர்க்கு அளவு ஒன்றே. இம்மருந்தால் உயிருக்கு இடர் நேர்வதில்லை. பிறர்க்குக் கேடு விளைவதுமில்லை.

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் (95) இவண் கருதத்தக்கது. நோயுற்றவன் நிலையையும் நோயின் அளவையும் எண்ணிச் செயற்பட வேண்டும் என்று கற்றறிந்த மருத்துவனுக்குக் கூறும் வள்ளுவர், அவற்றோடு காலத்தையும் ஒருங்கு வைக்கிறார். காலம் மருத்துவத்தின் புறத்தே நிற்பதன்று, அதன் உறுப்பாகும். இம்மாத்திரையைப் பொறுத்தவரை காலமே மருந்தின் பாதி. சனிக்கிழமை இரவு ஆணுறை கிழிந்துபோன நிலையில் ஒரு சிற்றூர்ப் பெண், ஞாயிற்றுக்கிழமை மூடிக்கிடக்கும் மருத்துவமனைக்கு முன்னும், திங்கட்கிழமை நீண்ட வரிசையிலும் காத்திருந்து சீட்டுப் பெறுவாளாயின், சீட்டு வந்து சேரும்போது மருந்தின் பயனில் பெரும்பகுதி போயிருக்கும். பாதுகாப்புக்கென வைத்த விதியே பாதுகாப்பைக் குறைப்பதாகிறது. அவ்வாறு தவறிய பயன் வேண்டாத கருவாக விளையுமாயின், அடுத்து அவள் செல்ல வேண்டிய வழி 1971-ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டத்தின் கீழ் வருவது. அது மாத்திரையைவிடக் கடினமானது, அறச்சிக்கலும் மிகுந்தது.

எனினும் அறிவுரையின் தேவை இதனால் மறைந்துவிடுவதில்லை. காசநோய் மருந்து உட்கொள்ளும் பெண்ணிடம் இம்மாத்திரையின் ஆற்றல் குறையும் என்பதை அவளுக்குச் சொல்ல ஒருவர் வேண்டும். காசநோய் மிகுந்துள்ள நாட்டில் இது சிறு செய்தியன்று. வள்ளுவர் மருத்துவத்தின் நான்கு கூறுகளாக நோயாளியையும் மருத்துவனையும் மருந்தையும் மட்டுமன்றி, உடனிருந்து துணைசெய்வோனையும் சேர்த்து எண்ணுகிறார். மருந்துக்கடையில் நிற்கும் மருந்தாளுநர் இந்நான்காம் கூற்றின் இடத்தை ஏற்கத்தக்கவர். அவர் சொல்லும் இரண்டு நிமிட அறிவுரை, அனுமதி என்னும் தடையின்றியே அறிவுரையின் பயனைத் தரவல்லது. எனவே, சீட்டை நீக்குவது அறிவுரையை நீக்குவதாகிவிடக் கூடாது.

வெறியாட்டும் அறத்தொடு நிற்றலும்

மருந்துச்சீட்டு பெறுவது ஒரு வெளிப்படுத்தலும் ஆகும். நிகழ்ந்தது இன்னதென்று மருத்துவரிடம் சொல்லாமல் சீட்டைப் பெற இயலாது. எல்லோரும் எல்லோரையும் அறிந்த சிற்றூரில் மருத்துவரிடம் சொல்வது, காத்திருப்போர் அனைவரும் அறியச் சொல்வதற்கு ஒப்பாகிவிடுவதும் உண்டு. இங்குத்தான் தமிழ் அகமரபின் கருத்தாக்கங்கள் துணைக்கு வருகின்றன.

களவொழுக்கத்தில் தலைவி அஞ்சுவது அலருக்கு. ஊரார் வாய்ச்சொல்லே இற்செறிப்புக்கும் காவலுக்கும் அவளது துன்பத்துக்கும் காரணமாகிறது. மகளின் மெலிவைக் கண்ட தாய், அதன் காரணம் அறியாது கட்டுவிச்சியிடம் குறி கேட்கிறாள். வேலனை அழைத்து வெறியாட்டு எடுக்கிறாள். வேலன் அக்கால நோயறிவில் வல்லவனாக மதிக்கப்பட்டவன். களம் அமைத்து, மறி அறுத்து, நோய் முருகனால் வந்தது என்று அவன் முடிவுரைக்கிறான். உண்மைக் காரணம் மலைநாட்டுத் தலைவன் என்பதைத் தலைவியும் தோழியும் மட்டுமே அறிவர். அகநானூறு, நற்றிணை முதலிய தொகைநூல்களில் இத்துறைப் பாடல்கள் பல உள்ளன. வெறிபாடிய காமக்கண்ணியார் என்னும் புலவர் இத்துறையாலேயே பெயர் பெற்றார். தாயின் அன்பில் குறையில்லை. வேலனின் சடங்கிலும் குறையில்லை. குறை யாதெனின், தன் உடலைப் பற்றிய செய்தியை உடையவளை ஒருவரும் கேட்கவில்லை என்பதே.

இதற்கு மறுதலையாக நிற்பது அறத்தொடு நிற்றல். தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தை தமையர்க்கும் என முறையே களவு வெளிப்படுத்தப்படுவதை அகப்பொருள் மரபு கூறுகிறது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு முழுமையும் தோழி செவிலிக்கு அறத்தொடு நிற்கும் கூற்றாகவே அமைந்துள்ளது. உண்மையை வெளிப்படுத்துவதற்கே மரபு ‘அறம்’ என்னும் பெயரைத் தந்துள்ளது. ஆதலின், மறைப்பே உரிமை, வெளிப்படுத்தலே அடிமைத்தனம் என்று எளிமையாக முடிவு கட்டிவிட முடியாது. ஆனால் அவ்வெளிப்படுத்தல் நிகழும் முறை நோக்கத்தக்கது. அது தலைவியிடமிருந்து தொடங்குகிறது. அவள் நம்பும் ஒருத்தியிடம் முதலில் சொல்லப்படுகிறது. அவளுடைய நலம் கருதி, உரிய காலத்தில் அடுத்தவரைச் சென்றடைகிறது. பிறர் வற்புறுத்திப் பறித்த உண்மைக்கு அப்பெயர் இல்லை.

சங்க காலக் களவொழுக்கத்தையும் இக்காலக் கருத்தடை விவாதத்தையும் ஒன்றெனக் கொள்வது பொருந்தாது. அகப்பாடல் புலனெறி வழக்கம். மருந்துக்கடை நடைமுறை உலகம். களவு கற்பில் முடிய வேண்டும் என்னும் எதிர்பார்ப்பும் அம்மரபில் உண்டு. எனினும் ஒரு வேறுபாட்டைக் காட்ட இவ்வொப்புமை பயன்படும். மருந்துச்சீட்டைக் கட்டாயமாக்கும் விதி, வெளிப்படுத்தலை மருந்துக்கு விலையாக்குகிறது. அறத்தொடு நிற்றல் விலையன்று, நம்பிக்கையின் விளைவு. பெண் மருத்துவரிடம் மனம்விட்டுப் பேசுவது நல்லது என்பதில் ஐயமில்லை. அந்நன்மை அவள் நம்பி வரும்போது மட்டுமே விளையும்.

மறுப்போர் வாதங்கள்

சீட்டின்றி விற்பதை மறுப்போர் வாதங்கள் ஒரே தன்மையன அல்ல. அவற்றுள் நான்கினைத் தனித்தனியே நோக்குதல் வேண்டும்.

முதலாவது, உயிர் பற்றிய வாதம். கருவுற்ற கணத்திலிருந்தே உயிர் மதிக்கத்தக்கது எனக் கொள்வோர், இம்மாத்திரை கருவை அழிப்பதாகக் கருதி எதிர்க்கின்றனர். கொல்லாமையைத் தலையாய அறமாகப் போற்றும் மரபில் வந்தோர் இவ்வாதத்தை இகழ்ந்து ஒதுக்க இயலாது. ஆனால் முன்னர்க் காட்டியவாறு இம்மருந்து கருமுட்டை வெளியேறுவதைத் தடுப்பதேயன்றிக் கருவை அழிப்பதன்று. எனவே, அக்கொள்கையை முழுதும் ஏற்பவரும் இம்மாத்திரையை எதிர்க்க வேண்டிய தேவையில்லை. மேலும், இவ்வாதம் மாத்திரையையே மறுப்பதாகுமன்றிச் சீட்டின்றி விற்பதை மட்டும் மறுப்பதாகாது. மருத்துவர் கையெழுத்திட்டால் கொலை கொலையன்று ஆகிவிடுமா என்னும் வினாவுக்கு அதனிடம் விடையில்லை.

இரண்டாவது, ஒழுக்கம் பற்றிய வாதம். எளிதில் கிடைத்தால் இளையோர் நெறிதவறுவர் என்பது இதன் சாரம். இவ்வாதத்தில் அச்சமே ஒழுக்கத்தின் காவல் எனக் கொள்ளப்படுகிறது. பிடிபடுவோம் என்னும் அச்சத்தால் களவு செய்யாதவனை அறவோன் என்று எந்த அறநூலும் போற்றுவதில்லை. மகளிரைச் சிறையிட்டுக் காப்பதால் பயனில்லை, நிறையே தலைமையான காப்பு என்பது வள்ளுவர் கருத்தும் ஆகும். அக்கருத்தை ஏற்போர், மருந்துக்கடையின் அலமாரியைப் பூட்டி ஒழுக்கத்தைக் காக்க முனைவது முரணாகும். மேலும் இம்மாத்திரையை நாடுவோர் மணமாகாதவர் மட்டுமல்லர். மணமான பெண்களும், கணவனை மறுக்க இயலாத பெண்களும், வன்முறைக்கு ஆளானோரும் அவர்களுள் அடங்குவர். ஒருவர்மேல் கொண்ட ஐயத்தால் மற்றெல்லாரையும் தண்டிப்பது நீதியாகாது.

மூன்றாவது வாதம் வலிமை வாய்ந்தது. மருத்துவரிடம் வரும் பெண்ணின் உடலில் காயத்தையும் குரலில் அச்சத்தையும் அவர் காணக்கூடும். வன்கொடுமைக்கு ஆளான சிறுமியைக் கண்டறியும் வாய்ப்பு மருத்துவரின் அறையில் உண்டு. கடையின் முகப்பில் குறைவு. 2012-இல் இயற்றப்பட்ட குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம், பதினெட்டு வயது நிரம்பாதோர் குறித்த செய்தியைக் காவல்துறைக்கு அறிவிப்பதைக் கட்டாயமாக்கியுள்ளது. கொடுமைக்கு ஆளான சிறுமிக்கு இது காப்பு. ஆனால், அறிவித்தே ஆகவேண்டும் என்பதை அறிந்த சிறுமி மருத்துவரிடம் வராமலே இருந்துவிடுவதும் நிகழ்கிறது. காப்புக்கென அமைத்த வாயிலே, காப்பு வேண்டுவோரை விரட்டும் நிலை இது. 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், கருக்கலைப்பு நாடிவரும் இத்தகையோரின் பெயரையும் அடையாளத்தையும் மருத்துவர் வெளியிட வேண்டியதில்லை என்று கூறியமை இச்சிக்கலை உணர்ந்தே ஆகும். இவ்வாதத்திற்குரிய நேரிய விடை, மாத்திரையை மறுப்பதன்று; மாத்திரையோடு உதவியையும் எட்டச் செய்வது. உறையின்மேல் உதவி எண் அச்சிடப்படலாம். மருந்தாளுநர்க்குப் பயிற்சி அளிக்கப்படலாம். எனினும் இவை மருத்துவரின் கண்ணுக்கு முழு ஈடாகா என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இவ்விடத்தில் சீட்டை நீக்குவதில் ஓர் இழப்பு உண்டு. அவ்விழப்பைவிடக் காலந்தாழ்வதால் விளையும் இழப்பு பெரிது என்பதே இருபுறமும் நிறுத்துப் பார்க்கும்போது கிடைக்கும் முடிவு.

நான்காவது, ஆணின் பொறுப்பு பற்றிய வாதம். இது பெண்ணுரிமை பேசுவோரிடமிருந்தே எழுவது. மாத்திரையை ஆண் வாங்கித் தந்து, ஆணுறை அணியும் பொறுப்பிலிருந்து தான் விலகிக்கொள்கிறான். குமட்டலும் குருதிப்போக்கும் அச்சமும் பெண்ணுக்கே எஞ்சுகின்றன. கவலை தீர்க்கும் எளிய வழியாக மாத்திரையைக் காட்டிய விளம்பரங்கள் இப்போக்கிற்குத் துணைபோயின என்ற குற்றச்சாட்டில் உண்மை உண்டு. ஆயினும், மருந்துச்சீட்டு இக்குறையைத் தீர்ப்பதில்லை. சீட்டுக்காக வரிசையில் நிற்பவளும் பெண்ணே. வணிகத்தின் மிகையைக் கட்டுப்படுத்த வேண்டிய இடம் விளம்பரம். பெண்ணின் கை அன்று.

கட்டுப்பாடும் உரிமையும்

இந்தியாவில் கருத்தடை பற்றிய சிந்தனை இருவேறு ஊற்றுகளிலிருந்து தோன்றியது. ஒன்று, மக்கள்தொகைப் பெருக்கத்தையும் வறுமையையும் நோக்கியது. மற்றொன்று, பெண்ணின் விடுதலையை நோக்கியது. மும்பையில் ர. தோ. கார்வே 1921-இல் கருத்தடை மையம் தொடங்கியதும், மைசூர் அரசு 1930-இல் அரசு மருத்துவமனைகளில் இம்மையங்களைத் திறந்ததும் தொடக்க முயற்சிகள். 1935 டிசம்பரில் மார்கரெட் சாங்கர் வார்தாவில் காந்தியடிகளைச் சந்தித்தபோது, செயற்கைக் கருத்தடையை ஏற்க அடிகள் மறுத்தார். தன்னடக்கமே உரிய வழி என்பது அவர் நிலைப்பாடு. பெண் கணவனை மறுக்கக் கற்க வேண்டும் என்றும் அவர் கருதினார். அதில் பெண்ணின் மாண்பு பற்றிய அக்கறை உண்டு. ஆனால் மறுக்க இயலாத நிலையில் உள்ள பெண்ணுக்கு அவ்வழி எதனையும் தருவதில்லை.

தந்தை பெரியாரின் நிலைப்பாடு தனித்தன்மை உடையது. ‘பெண் ஏன் அடிமையானாள்?’ என்னும் நூலில் கருத்தடை பற்றி எழுதும்போது, பிறர் நாட்டின் பொருளாதாரத்தையும் உடல்நலத்தையும் குடும்பச் சொத்தையும் காரணமாகக் காட்டுவதைச் சுட்டி, தாம் பெண்ணின் விடுதலையையே காரணமாகக் கொள்வதாக அவர் வேறுபடுத்துகிறார். இவ்வேறுபாடு சொல்லளவில் நிற்பதன்று. 1952-இல் தொடங்கிய அரசின் குடும்பக்கட்டுப்பாட்டுத் திட்டம் முதற்காரணத்தை அடியாகக் கொண்டது. நெருக்கடிநிலைக் காலத்தில் (1975-77) கட்டாயக் கருத்தடை அறுவைகள் நிகழ்ந்தபோது, அக்காரணம் எங்குக் கொண்டுசெல்லும் என்பது புலப்பட்டது. நாட்டின் நலனுக்காகத் தரப்படும் கருத்தடை, நாட்டின் நலனுக்காகவே திணிக்கப்படவும் கூடும். அதே நலனுக்காக நாளை மறுக்கப்படவும் கூடும். தருவதும் திணிப்பதும் மறுப்பதும் ஒரே கையின் செயல்களாகிவிடுகின்றன. பெண்ணின் தன்னுரிமையை அடியாகக் கொண்டால் மட்டுமே திணித்தலும் மறுத்தலும் ஒருசேரத் தவறென்று கூற இயலும்.

நீதிமன்றங்களின் போக்கும் இத்திசையில் சென்றுள்ளது. கருவைச் சுமப்பதா அன்றா என்னும் தேர்வு அரசமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் தனிமனித உரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் கூறியது. 2017-இல் புட்டசாமி வழக்கில் அந்தரங்க உரிமையை அடிப்படை உரிமையாக அறிவித்தது. முன்னர்ச் சுட்டிய 2022-ஆம் ஆண்டுத் தீர்ப்பு, கருக்கலைப்பு உரிமையில் மணமான பெண்ணுக்கும் மணமாகாத பெண்ணுக்கும் இடையே வேறுபாடு காட்டலாகாது என்றது.

சட்டத்தின் இசைவும் கடையின் மறுப்பும்

சட்டம் இசைந்தமையால் மட்டும் உரிமை கைக்கு வந்துவிடுவதில்லை என்பதற்குத் தமிழகமே சான்று. நாடு முழுவதும் சீட்டின்றி விற்கத்தக்க இம்மாத்திரை, சென்னை உள்ளிட்ட தமிழக நகரங்களின் மருந்துக்கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை என்று நாளிதழ்கள் பல ஆண்டுகளாக எழுதி வந்துள்ளன. கருத்தடை உரிமையைப் பெண் விடுதலையின் அடித்தளமாகப் பேசிய பெரியாரின் மண்ணில் இந்நிலை நிலவுவது எண்ணத்தக்கது.

வெளிப்படையான தடையைவிடச் சொல்லாமல் மறுக்கும் மறுப்பு அறநோக்கில் கொடிது எனலாம். தடை எழுத்தில் இருப்பின் அதன் காரணத்தைக் கேட்கலாம், நீதிமன்றத்தில் வழக்காடலாம், மாற்றலாம். அமெரிக்காவில் நிகழ்ந்தது அதுவே. ‘இல்லை’ என்று கடைக்காரர் கூறும் ஒரு சொல்லை எதிர்த்து எவரும் வழக்காட இயலாது. அச்சொல்லோடு ஒரு பார்வையும் சேர்ந்துவிடின், கேட்டவள் அடுத்த கடைக்குச் செல்லவும் நாணுவாள். பண்டை நாளில் அலர் செய்த பணியை இப்பார்வை செய்கிறது. வசதியுடையோர் வேறு ஊரிலிருந்து வரவழைத்துக்கொள்வர். அறிமுகமான மருத்துவரைத் தொலைபேசியில் அழைப்பர். கூலிவேலைக்குச் செல்லும் பெண்ணுக்கும் விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவிக்கும் அவ்வழிகள் இல்லை. சொல்லாத மறுப்பின் சுமை எளியோர்மேல் மட்டுமே விழுகிறது.

மருந்தாளுநர்க்கும் மனச்சான்று உண்டு. தம் நம்பிக்கைக்கு மாறானதை விற்குமாறு அவரை வற்புறுத்தலாமா என்ற வினா எழலாம். மனச்சான்று மதிக்கத்தக்கதே. ஆனால் மருந்து விற்கும் உரிமத்தை அவர் பொதுமக்களிடமிருந்து பெற்றுள்ளார். அவ்வுரிமத்தால் பிறர் விற்க இயலாத ஒன்றை அவர் மட்டும் விற்கிறார். தனியுரிமையைப் பெற்றவர், அதனால் பிறர்க்கு ஏற்படும் தேவையையும் ஏற்றாக வேண்டும். குறைந்த அளவு, எங்குக் கிடைக்கும் என்பதைக் காலந்தாழ்த்தாது கூறும் கடமையேனும் அவர்க்கு உண்டு.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் கருத்துகள் வருமாறு. மருந்துச்சீட்டில் அறிவுரை, அனுமதி என இரு கூறுகள் உள்ளன. அவசரகாலக் கருத்தடை மாத்திரையைப் பொறுத்தவரை அனுமதிக்குரிய அடிப்படைகள் பெரிதும் இல்லை. அறிவுரைக்குரிய தேவை உண்டு. அதனை மருந்தாளுநர் நிறைவு செய்ய இயலும். காலமே மருந்தின் பகுதியாக அமைந்த இடத்தில், காலந்தாழ்த்தும் விதி காக்கும் விதியாகாது. உயிர், ஒழுக்கம் ஆகியவை பற்றிய வாதங்கள் சீட்டைக் கட்டாயமாக்கப் போதுமானவை அல்ல. வன்கொடுமையைக் கண்டறிதல், ஆணின் பொறுப்பு ஆகியவை பற்றிய வாதங்கள் உண்மையான கவலைகளைச் சுட்டுகின்றன. அவற்றுக்கு வேறு வழிகளில் விடை தேடப்பட வேண்டும். சட்டம் தந்ததைக் கடை மறுக்கும் நிலை, உரிமையை வசதியுடையோர்க்கு மட்டும் உரியதாக்குகிறது.

வெறியாட்டுக் களத்தில் தாயும் வேலனும் ஊராரும் கூடியிருந்தனர். அனைவரும் அப்பெண்ணின் நலத்தையே நாடினர். ஆயினும் உண்மையை அறிந்தவள் வாய்திறவாது நின்றாள். இன்றைய விவாதக் களத்திலும் மருத்துவர், நீதிபதி, வணிகர், சமயத்தலைவர் எனப் பலர் கூடியுள்ளனர். அவர்கள் கூறுவனவற்றுள் ஏற்கத்தக்கன பல உண்டு. ஆனால் மருந்துக்கடை முகப்பில் நிற்பவளைக் கேட்காமல் எடுக்கும் எம்முடிவும் அவளுக்கு மருந்தாகாது.